உப்பும் துலாக்கோலும்

"ஆறு புள்ளி சுழியம் இரண்டு இரண்டு, பெருக்கல் பத்தின் அடுக்கு இருபத்து மூன்று!"

நாற்பது குரல்கள் ஒரே மூச்சில் ஒலித்தன. பத்தாம் வகுப்பு. வேதியியல் ஆசிரியர் விடுப்பில் சென்றதால் மூன்று வாரங்களுக்கு அந்த வகுப்பு நம் தலையில் விழுந்தது. நாமோ கலைப்பட்டம் பெற்றவர், வரலாறு கற்பிப்பவர். 'மோல்' என்றால் என்ன என்று கேட்டோம். விடையாக அந்த எண்ணை ஓதினார்கள். அந்த எண் எதை எண்ணுகிறது, யார் எண்ணினார், எதற்காக எண்ணினார் என்று கேட்டோம். வகுப்பு வாய்மூடி நின்றது.

புரியாத மொழியில் ஓதும் மந்திரத்தை மேடைதோறும் சாடுகிறோம். வகுப்பறையிலே புரியாத எண்ணை ஓதவைத்துவிட்டு, அதற்கு அறிவியல் என்று பெயர் சூட்டலாமா? ஓதுவது வடமொழியானால் மூடத்தனம், கணக்கானால் கல்வி என்பது எந்த ஊர் நீதி?

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். உப்பளத்தில் வேலை செய்த பாட்டியின் பேத்தி. "சார், எங்க பாட்டி காலத்துல உப்பைப் படியால அளந்தாங்க. இப்பக் கடையில நிறுத்துத் தர்றாங்க. புத்தகம் எண்ணச் சொல்லுது. உப்பை எப்படி சார் எண்ண முடியும்?" என்றாள்.

அந்தச் சிறுமி தன்னையறியாமலே வேதியியலின் வரலாற்றை மூன்று சொற்களில் வகுத்துவிட்டாள். படி, நிறை, எண்! மனித இனம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வந்துசேர ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

அடுத்த ஞாயிறன்று மாணவர்களைக் கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் செல்லும் பாதைக்கு அழைத்துச் சென்றோம். பாத்தி பாத்தியாக வானம் தரையில் விழுந்து கிடக்கும் இடம் அது. வரப்போரம் வெண்குவியல்கள்; சற்றுத் தள்ளிப் பக்கிங்காம் கால்வாய். தெற்கே செய்யூர், அதற்கும் தெற்கே மரக்காணம் என்று இந்தக் கடற்கரையெங்கும் உப்பு விளையும் நிலம் உண்டு. சங்கப் பாடல்கள் காட்டும் உமணர் இத்தகைய கழிமுகங்களில் உப்பை ஏற்றிக்கொண்டு, எருது பூட்டிய வண்டிகளில் உள்நாட்டுக்குப் போனார்கள். உப்புக்கும் நெல்லுக்கும் நேருக்கு நேர் மாற்று, ஒரு படிக்கு ஒரு படி! உழவன் வியர்வைக்கும் உமணன் வியர்வைக்கும் ஒரே மதிப்பிட்ட அந்தச் சந்தையை எண்ணும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

ஆயினும் படி ஏமாற்றும். குவித்து அளந்தால் ஒரு கணக்கு, தலை தட்டி அளந்தால் வேறு கணக்கு. கல்லுப்பு ஒரு படியும் பொடியுப்பு ஒரு படியும் நிறையில் ஒத்துப்போவதில்லை. படிக்குள்ளே எவ்வளவு உப்பு, எவ்வளவு காற்று என்று படிக்குத் தெரியாது.

நிறுத்துப் பார்க்க வந்தவன் யார்? கம்பெனிக்காரன்! 1752-ஆம் ஆண்டு கிளைவின் படை கோவளத்துக் கோட்டையையும் செங்கற்பட்டுக் கோட்டையையும் பிடித்தது. 1763-இல் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராகக் கம்பெனிக்குத் தந்தான். 1805-ஆம் ஆண்டு, பெண்டிங் கவர்னராக இருந்தபோது, சென்னை மாகாணத்து உப்பு முழுவதும் கம்பெனியின் தனியுரிமை ஆயிற்று. கடல் யாருடையது, வெயில் யாருடையது என்ற கேள்விக்கு இடமில்லை. விளைந்த உப்பைக் கம்பெனியிடமே கொடுக்க வேண்டும், கம்பெனி சொன்ன விலைக்கே மக்கள் வாங்க வேண்டும். நானூறு மரக்கால் ஒரு கரிசை என்று முதலில் கரிசைக் கணக்கு. பின்னர் மணங்குக் கணக்கு. 1876 முதல் 1878 வரை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின் சூடு ஆறுமுன்னரே உப்பு வரி உயர்த்தப்பட்டது. அந்தப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்களின் கைகள்தாம் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே கால்வாயை வெட்டி இணைத்தன. கால்வாய்க்குக் கிடைத்ததோ கவர்னர் பக்கிங்காமின் பெயர்!

1923-இல் மணங்குக்கு இரண்டரை ரூபாய் என்று ஏற்றி, மறு ஆண்டே ஒன்றேகால் ரூபாய்க்கு இறக்கினார்கள். ஒரு மணங்கு ஏறத்தாழ 37 கிலோ. ஒன்றேகால் ரூபாய்க்கு இருபது அணா. ஆகவே கிலோவுக்கு அரையணாவுக்குச் சற்று மேல். அற்பத் தொகை என்று துரைமார் சொன்னார்கள். கோடீசுவரனும் கூலியும் ஒரே அளவு உப்புத்தான் தின்கிறார்கள் என்பதை அவர்கள் சொல்லவில்லை. 1930-ஆம் ஆண்டு தண்டியிலும் வேதாரணியத்திலும் உப்பு அள்ளியவர்கள் அந்தக் கணக்கைத்தான் உலகுக்குக் காட்டினார்கள். 1947-இல் அந்த வரி ஒழிந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1805-இல் உப்பைத் தன் உடைமையாக்கிய கம்பெனிக்கு, உப்பு என்றால் என்ன என்று தெரியாது! கம்பெனிக்கு மட்டுமல்ல, உலகில் எவருக்குமே தெரியாது. இலண்டனில் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தைப் பாய்ச்சிச் சோடியத்தைப் பிரித்தெடுத்தது 1807-இல். குளோரின் ஒரு தனிமம் என்று அவரே அறிவித்தது 1810-இல். முதலில் வரி, பிறகுதான் அறிவு.

வரிக்கும் அறிவுக்கும் உள்ள உறவு பாரிசு நகரில் இன்னும் விந்தையானது. பிரெஞ்சு நாட்டிலும் உப்பு வரி உண்டு. 'கபேல்' என்பது அதன் பெயர். அரசனிடம் குத்தகை எடுத்த செல்வர் கூட்டம் ஒன்று அதைத் தண்டியது. 1768-இல் அந்தக் கூட்டத்தில் பங்கு வாங்கிய இளைஞர் ஒருவர், அந்த வருவாயைக் கொண்டு நுண்ணிய துலாக்கோல்களைச் செய்வித்துத் தம் ஆய்வுக்கூடத்தில் வைத்தார். அவர்தாம் லவாய்சியர்!

அவர் காலத்து அறிஞர்கள், பொருள் எரியும்போது அதனுள்ளிருந்து 'ஃப்ளோஜிஸ்டன்' என்ற ஒன்று வெளியேறுகிறது என்று நம்பினார்கள். கண்டவர் இல்லை, பிடித்தவர் இல்லை, நிறுத்தவரும் இல்லை. உலோகம் எரிந்தபின் நிறை கூடுகிறதே, ஒன்று வெளியேறினால் நிறை குறைய வேண்டாவா என்று கேட்டால், அதற்கு எதிர்மறை எடை உண்டு என்று விடை சொன்னவர்களும் இருந்தார்கள்! லவாய்சியர் வாதாடவில்லை. மூடிய கலத்தில் பொருளை எரித்தார். எரிக்குமுன் நிறுத்தார், எரித்தபின் நிறுத்தார். காற்றிலிருந்து எது குறைந்ததோ அதுவே உலோகத்தில் கூடியது. வினைக்கு முன் எவ்வளவோ, வினைக்குப் பின்னும் அவ்வளவே. 1789-இல் வெளிவந்த அவர் நூல் இதை விதியாக நாட்டியது.

நம் நாட்டிலும் இரசவாதம் இருந்தது. செம்பைப் பொன்னாக்கும் 'முப்பு' என்றார்கள், பௌர்ணமி இரவில் பூநீறு எடுக்க வேண்டும் என்றார்கள், குருவருள் பெற்றவனுக்கன்றி மற்றவனுக்கு வாய் திறக்கக்கூடாது என்றார்கள். சித்தர்களின் மருந்தறிவை நாம் இகழவில்லை. சாதியைச் சாடிய அவர்கள் துணிவைப் போற்றவும் செய்கிறோம். ஆனால் மறைத்து வைத்த அறிவு வளர்ந்ததில்லை. எத்தனை வராகன் செம்பு போட்டோம், எத்தனை வராகன் பொன் எடுத்தோம் என்று எல்லார் முன்னிலையிலும் தராசில் வைத்திருந்தால், எத்தனையோ வீட்டுத் தாலிக்கொடிகள் தப்பியிருக்கும்.

லவாய்சியரின் முடிவு கொடியது. புரட்சி 1790-இல் உப்பு வரியை ஒழித்தது. 1794-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், வரிக்குத்தகைக்காரர் இருபத்தெட்டுப் பேரின் தலைகள் ஒரே நாளில் வெட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று லவாய்சியரின் தலை. பொருள்களை நீதியோடு நிறுத்தவர் மனிதரின் உப்பை அநீதியோடு நிறுத்த கூட்டத்தில் இருந்தார். அந்தத் தலை விழுந்தது உலகுக்கு இழப்பு என்று கூறும் நாம், அந்தக் கூட்டத்தின்மேல் மக்கள் கொண்ட சினம் பொய் என்று கூறமாட்டோம். இரண்டையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொன்னோம்.

அதே ஆண்டுகளில் செருமானிய நாட்டில் ரிக்டர் என்பவர், காடியும் காரமும் கலந்து உப்பு உண்டாகும்போது இவ்வளவு காடிக்கு இவ்வளவு காரம் என்ற விகிதம் மாறுவதில்லை என்று கண்டார். 1792-இல் அந்தக் கலைக்கு 'ஸ்டாய்க்கியோமெட்ரி' என்று கிரேக்கச் சொற்களால் பெயரிட்டார். தனிமத்தை அளப்பது என்பது பொருள். நம் பாடநூல் அதை 'வேதிவினைக்கூறு விகிதவியல்' என்கிறது. பெயரைக் கண்டு பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். 'வேதிக்கணக்கு' என்றால் போதாதா என்பது நம் எண்ணம். எரிசோடா 40 கிராம், ஹைட்ரோகுளோரிக் காடி 36.5 கிராம். கலந்தால் உப்பு 58.5 கிராம், நீர் 18 கிராம். இந்தப் பக்கம் 76.5, அந்தப் பக்கமும் 76.5. காடி பத்துக் கிராம் கூடினால் அந்தப் பத்து வினையில் சேராமல் மிச்சமாக நிற்கும். இட்லிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று அம்மா அளக்கிறாள். உளுந்து தீர்ந்துவிட்டால் மீதி அரிசியை என்ன செய்வாள் என்று கேட்டோம். வகுப்பு சிரித்தது, புரிந்துகொண்டது.

நிறையிலிருந்து எண்ணுக்கு வருவோம். விகிதம் ஏன் மாறுவதில்லை? பொருள்கள் அணுக்களால் ஆனவை, ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனி எடை உண்டு என்று 1808-இல் தம் நூலில் எழுதினார் டால்டன். இங்கிலாந்தில் நெசவாளி ஒருவரின் மகன்; பன்னிரண்டு வயதிலேயே பள்ளி நடத்தியவர். 1811-இல், சட்டம் பயின்று பின் அறிவியலுக்கு வந்த இத்தாலியர் அவகாட்ரோ, ஒரே வெப்பத்தில், ஒரே அழுத்தத்தில் உள்ள எந்த இரண்டு வாயுவும் சம பருமனில் சம எண்ணிக்கைத் துகள்களைக் கொண்டிருக்கும் என்றார். பாருங்கள், உமணனின் படி திரும்பி வந்துவிட்டது! உப்பிலே ஏமாற்றிய படி வாயுவிலே உண்மை பேசுகிறது. ஒரு படி ஹைட்ரஜனும் ஒரு படி ஆக்சிஜனும் எண்ணிக்கையில் சமம். எனவே அவற்றை நிறுத்தால், ஒரு துகளுக்கு ஒரு துகள் எத்தனை மடங்கு கனம் என்று தெரிந்துவிடும். அணுவைக் காணவே வேண்டாம்.

அவர் சொன்னதை உலகம் கேட்டதா? ஐம்பது ஆண்டுகள் கேட்கவில்லை. 1856-இல் அவகாட்ரோ மறைந்தார். 1860-ஆம் ஆண்டு செப்டம்பரில் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலார் கூடிய மாநாட்டில்தான் அவர் கருத்துக்கு உயிர் வந்தது. உயிர் கொடுத்தவர் கன்னிசாரோ. 1848-இல் சிசிலித் தீவின் புரட்சியில் பங்கேற்று, அது தோற்றதும் நாடு கடந்து வாழ்ந்தவர். மாநாட்டில் அவருடைய சிறு நூல் ஒன்று வழங்கப்பட்டது. கூட்டத்தில் அமர்ந்திருந்த இளைஞர்களில் ஒருவர் மெண்டலீவ். ஒன்பது ஆண்டுகளில் தனிம அட்டவணை பிறந்தது. ஒரு துண்டு வெளியீடு என்ன செய்யும் என்று கேட்போருக்கு இது நினைவிருக்கட்டும்.

மோல் என்ற சொல்லை 1890-களில் வழங்கியவர் ஆஸ்ட்வால்டு. அதில் எத்தனை துகள் என்ற எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரை 1909-இல் இட்டவர் பெரேன். 1971-இல் அது உலக அளவுகளில் ஒன்றாயிற்று. 2019-ஆம் ஆண்டு மே 20 முதல் அந்த எண் இம்மியும் மாறாதபடி நிலைநிறுத்தப்பட்டது. நம் கோடிக் கணக்கில் சொன்னால் 602 கோடி கோடி கோடி!

வெற்றிலையைக் கவுளியாக வாங்குகிறோம். கவுளிக்கு நூறு என்பார்கள். ஊருக்கு ஊர் அது மாறும், கடைக்காரனின் மனத்துக்குத் தக்கபடியும் மாறும். மோல் மாறாத கவுளி. சோடியத்தின் ஒரு கவுளி 23 கிராம், குளோரினின் ஒரு கவுளி 35.5 கிராம், உப்பின் ஒரு கவுளி 58.5 கிராம். வங்கியிலே சில்லறைக் காசு மூட்டையை எண்ணாமல் நிறுத்தே எண்ணிக்கை சொல்கிறார்கள் அல்லவா? அதே வித்தைதான்! ஒரு கிராம் உப்பில் உள்ள சோடியம், குளோரின் இணைகளை, உலகின் எண்ணூறு கோடி மக்களும் விநாடிக்கு ஒன்றாக உறங்காமல் எண்ணினாலும் நாற்பதாயிரம் ஆண்டு ஆகும். துலாக்கோலோ ஒரு நொடியில் எண்ணிவிடுகிறது.

வரப்பில் நின்று இவ்வளவும் சொல்லி முடித்தபோது, அங்கு வேலை செய்த முதியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஒரு பாத்தியைக் காட்டினார். நீர் இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த நிறம் வந்தால் உப்பு இறங்கப் போகிறது என்றார். உப்பு வாரியபின் எஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றாவிட்டால் அடுத்த உப்பும் கசக்கும் என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் வேதியியல். கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பு படிகிறது, பிறகு ஜிப்சம், நீரின் அடர்த்தி பொமே அளவில் 25 டிகிரியை எட்டியபின் சோற்றுப்பு. முப்பது டிகிரியை நெருங்கும்போது மக்னீசிய உப்புகள் கசப்போடு சேரத் தொடங்கும். பிரெஞ்சு மருந்தாளர் பொமே 1768-இல் கண்ணாடிக் கருவியால் அளந்ததை, நம் உப்பளத்துக் கிழவர் நாக்காலும் நிறத்தாலும் அளக்கிறார். அவர் பெயரில் எந்த அளவும் இல்லை. அவர் காலின் வெடிப்புகளில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

கணக்குத் தவறினால் என்ன குடி முழுகிவிடும் என்று ஒரு மாணவன் கேட்டான். முழுகும் தம்பி! உப்பில் அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும். கருவுற்ற தாய்க்குக் குறைந்தால் பிறக்கும் குழந்தையின் மூளை மழுங்கும். இமயத்தின் அடிவாரத்தில் காங்கிரா பள்ளத்தாக்கில் மருத்துவ அறிஞர் இராமலிங்கசுவாமியும் அவர் தோழர்களும் 1956-இல் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தாலே கழலை குறைகிறது என்று காட்டியது. விதியென்றும் முன்வினையென்றும் தலைமுறை தலைமுறையாக அழுத கண்ணீர், உப்பில் கலந்த ஒரு துளி மருந்தில் நின்றது! 2006-ஆம் ஆண்டு மே 17 முதல், மனிதர் உண்பதற்கென அயோடின் இல்லாத உப்பை விற்பது நாடு முழுவதும் தடுக்கப்பட்டது.

சேர்ப்பது அயோடினை அன்று; பொட்டாசியம் அயோடேட் என்ற பொருளை. பொட்டாசியம் 39, அயோடின் 127, ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து 48, ஆக 214. ஒரு டன் உப்பில் 30 கிராம் அயோடின் இருக்கவேண்டுமானால் 30 கிராம் அயோடேட்டைப் போட்டால் போதும் என்று கணக்கறியாதவன் நினைப்பான். அதில் அயோடின் 17.8 கிராம்தான் இருக்கும். 214-ஐ 127-ஆல் வகுத்து முப்பதால் பெருக்கினால் 50.6 கிராம், போடவேண்டியது அதுவே. இடையில் நழுவிய பன்னிரண்டு கிராமை உப்புப் பையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உப்பு அதே வெள்ளை, அதே கரிப்பு.

மாமல்லபுரத்துக்கும் போனோம். கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் முகம் அழிந்து நிற்கின்றன. கடற்காற்றின் ஈரத்தோடு கல்லின் நுண்துளைகளில் புகும் உப்பு, உலரும்போது படிகமாகிப் பாறையையே பிளக்கிறது. தொல்லியல் துறையினர் நனைந்த தாள்கூழைக் கல்மேல் அப்பி அந்த உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். பல்லவன் கல்லென்றும் பார்க்காது, கடவுள் முகமென்றும் பார்க்காது உப்பு. அங்கிருந்து வடக்கே சிறிது தொலைவில் நெம்மேலி. 2013-இல் அங்கே கடல்நீரைக் குடிநீராக்கத் தொடங்கினார்கள், அப்போது நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் என்று வைத்தால் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரில் உப்பு எவ்வளவு என்று கேட்டோம். பேருந்திலேயே மணிக்கட்டில் எழுதிக் கணக்கிட்டார்கள்: 3,500 டன்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் கரையோரத்துக் கிணறுகளில் கடல் புகுந்தது. நம் மாணவர்களில் ஒருவரும் அன்று பிறந்திருக்கவில்லை. ஆனால் 'அலைக்கு முன்னால் தண்ணீர் இனித்தது' என்ற பேச்சை வீடுகளில் கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். இனித்ததா, கரிக்கிறதா என்பது நாவின் பேச்சு; எவ்வளவு என்பதைத் துலாக்கோலிடம் கேட்போம் என்றோம். வேதியியல் ஆசிரியர் விடுப்பு முடிந்து வந்தார். முகம் கோணாமல் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டார்.

வெள்ளி நைட்ரேட்டின் ஒரு மோல் 170 கிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு, 1.7 கிராம், ஒரு லிட்டர் வடிநீரில் கரைத்தோம். இந்தக் கரைசலின் ஒவ்வொரு மில்லிலிட்டரும் 0.355 மில்லிகிராம் குளோரைடைப் பிடித்து வெண்படிவாக்கும். கிணற்று நீர் பத்து மில்லிலிட்டர் எடுத்து, மஞ்சள் நிறக் குரோமேட்டு இரண்டு சொட்டு விட்டு, மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். செங்கல் நிறம் வந்து நிலைத்தால் நிறுத்த வேண்டும். ஏழு மில்லிலிட்டருக்குள் நின்றால் லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்கிறது. குடிநீருக்கு அரசு விரும்பும் வரம்பு அது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1,000 வரை பொறுக்கலாம் என்கிறது அதே விதி. அதற்குக் கணக்கு 28 மில்லிலிட்டர். அதையும் தாண்டினால் அது குடிக்கும் நீர் அன்று.

இருபத்து மூன்று புட்டிகள் வந்தன. ஊர்க் கிணறு, குப்பத்துக் கிணறு, காலனிக் கிணறு, கோயில் கிணறு என்று தாள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தத் தாள்களைக் கிழித்துவிட்டு ஒன்று முதல் இருபத்து மூன்று வரை எண் இடச் சொன்னோம். எந்த எண் எந்தத் தெரு என்பதை ஒரு தாளில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். படியைப் பற்றிக் கேட்ட அந்த மாணவிதான் முதலில் வந்தாள். ஏழு தாண்டியது, பத்து தாண்டியது. இருபதில் நிறம் மின்னி மறைந்தது. மற்றப் பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறி நின்று பார்த்தார்கள். முப்பத்தொன்றில் நின்றது செங்கல் நிறம். அவள் குறிப்பேட்டில் 31 என்று எழுதி, அதை 0.355-ஆல் பெருக்கத் தொடங்கினாள். சட்டைப்பையில் இருந்த தாளை நாம் இன்னும் பிரிக்கவில்லை.